இரண்டு டாலர் சம்மதம்

ரிச்சர்ட் ரைட்டின் ‘தி மேன் ஹூ வாஸ் ஆல்மோஸ்ட் எ மேன்’ சிறுகதையில் ஒரு கைத்துப்பாக்கி விற்பனையாகிறது. விலை 2 டாலர். வாங்குபவன் டேவ், 17 வயது, அமெரிக்காவின் தெற்கில் ஒரு வெள்ளைப் பண்ணையாரின் நிலத்தில் ஏர் ஓட்டும் கறுப்பினப் பையன். விற்பவர் ஜோ, வெள்ளைக்காரக் கடைக்காரர். கதையைப் பேசுபவர்கள் பெரும்பாலும் அந்தத் துப்பாக்கியையும், அதனால் சாகும் கோவேறு கழுதையையும், கடைசியில் வரும் ரயிலையும் பேசுவார்கள். எனக்கு இப்போது முக்கியமாகப் படுவது இவை எதுவும் இல்லை. கடைக்குப் போவதற்கு முன், இரவுச் சாப்பாடு முடிந்தபின், டேவ் தன் அம்மாவிடம் அந்த 2 டாலரைக் கேட்டு வாங்கும் காட்சிதான். துப்பாக்கி உண்மையில் கைமாறுவது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

இதைத் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். அதற்கான காரணம் கொஞ்சம் வெட்கப்பட வேண்டியது. அதே காட்சி எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தபோது, டேவின் பக்கம் நின்று பேசியவன் நான்.

2023-இல் அலுவலக வேலையாகச் சில மாதங்கள் டெக்சஸில் இருந்தேன். டாலஸுக்கு வடக்கே அக்கா வீட்டில்தான் தங்கல். அந்த வருடம் மே 6 அன்று ஆலன் என்ற ஊரில் ஓர் அவுட்லெட் மாலில் ஒருவன் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான். இறந்தவர்களில் குழந்தைகள் இருந்தார்கள், ஓர் இந்தியப் பொறியாளரும் இருந்தார். அக்கா மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்குவது அந்த மாலில்தான். அதுவரை அமெரிக்கத் துப்பாக்கி என்பது எங்களுக்கெல்லாம் டிவியில் வரும் விஷயம். அன்றிலிருந்து அது பார்க்கிங் கிடைக்காத ஒரு சனிக்கிழமை மதியமாக ஆகிவிட்டது.

அத்தான் அடுத்த வாரமே துப்பாக்கி வாங்க வேண்டும் என்றார். அவருக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது, சட்டச் சிக்கல் இல்லை. எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ள மத்தியச் சட்டம் தடை போடுகிறது. ஆனால் மாநில அரசு தரும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் தடை விலகும். உண்டிவில்லால் காக்கா அடித்த அனுபவம்கூட இல்லாத மென்பொருள்காரர்கள் வேட்டை உரிமத்துக்குப் பணம் கட்டும் காட்சியை அங்கேதான் பார்த்தேன்.

அக்கா ஒரே வார்த்தையில் முடித்தாள். “வீட்டுக்குள்ள அது வேண்டாம்.”

அத்தான் என்னிடம் வந்தார். “மாப்ள, நான் சொன்னா சண்டையாகும். நீ சொன்னா அவ கேப்பா.”

நான் சொன்னேன். இரண்டு நாள் படித்துவிட்டு, ஆபீஸில் டிசைன் டாக்குமெண்டை விளக்குவதுபோல விளக்கினேன். 2022 மே மாதம் இதே டெக்சஸில் உவால்டே பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டபோது 376 காவல் அதிகாரிகள் வந்து சேர்ந்தார்கள். வந்தும், கொலைகாரன் இருந்த வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடம் ஆனது. ‘போலீஸ் வரும்’ என்ற நம்பிக்கைக்கு அங்கே அவ்வளவுதான் மதிப்பு. அதே வருடம் ஜூலையில் இண்டியானாவில் ஒரு மாலில் 22 வயது இளைஞன் ஒருவன், தான் மறைத்து வைத்திருந்த துப்பாக்கியால் கொலைகாரனை நொடிகளில் வீழ்த்தினான். லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்ற சட்டம் அந்த மாநிலத்தில் அமலுக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. இவை பொய்யான வாதங்கள் இல்லை. இன்றைக்கும் அவற்றுக்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது.

அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, “சரிடா, அது எங்க இருக்கும்?” என்றாள்.

எனக்குக் கேள்வி புரியவில்லை. “எங்கன்னா?”

“ராத்திரி எங்க இருக்கும், பகல்ல எங்க இருக்கும், பாப்பா ஃப்ரெண்ட்ஸ் வந்தா எங்க இருக்கும்.”

அதன்பின் நிபந்தனைகள் வந்தன. படுக்கையறை அலமாரியில் சேஃப், நம்பர் இரண்டு பேருக்கும் தெரிய வேண்டும். பயிற்சிக்குப் போவதைத் தவிர வேறு எதற்கும் அது வாசல் தாண்டக் கூடாது. அத்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அக்காவும் ஒரு தடவை ரேஞ்சுக்கு வர வேண்டும் என்பது அவர் தரப்பில் ஒரே நிபந்தனை. ‘ஒருதடவை சுட்டுப் பாத்தா பயம் போயிரும்’ என்பது அங்கே எல்லோரும் சொல்லும் வாக்கியம்.

போனோம். காது மூடி, கண்ணாடி. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே நினை, அழிக்கத் துணியாத எதை நோக்கியும் நீட்டாதே, சுடும்வரை விரல் விசையில் படக் கூடாது, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார் என்று பயிற்சியாளர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அக்கா ஆறு தோட்டா சுட்டாள். சுட்ட தோட்டாவின் சூடான கூடு ஒன்று தெறித்து அவள் கழுத்துப் பட்டைக்குள் விழுந்தது. கத்தவில்லை. முதலில் துப்பாக்கியைச் சரியாக மேசையில் வைத்துவிட்டுத்தான் சட்டையை உதறினாள். பயிற்சியாளர் பாராட்டினார். அத்தானுக்கு ஒரே பெருமை. ஒரு தயங்கும் குடும்பத்தை வெற்றிகரமாகச் சம்மதிக்க வைத்துவிட்டோம் என்று நானும் நினைத்தேன்.

*

ரைட்டின் கதையை நான் முதலில் படித்தது இதற்கெல்லாம் பல வருடம் முன்பு, அவருடைய ‘நேட்டிவ் சன்’ நாவலைப் படித்த சூட்டில். இரண்டும் 1940-இல் வந்தவை. கதை அப்போது பத்திரிகையில் ‘ஆல்மோஸ்’ எ மேன்’ என்ற தலைப்பில் வெளியானது. ரைட் திருத்திய வடிவம், அவர் 1960-இல் பாரிஸில் இறந்தபின், 1961-இல் வந்த ‘எய்ட் மென்’ தொகுப்பில் இப்போதைய தலைப்போடு சேர்ந்தது. முதல் வாசிப்பில் எனக்கு அது முதிர்ச்சியில்லாத ஒரு பையனின் கதையாகத்தான் தெரிந்தது. ஆம்பளை ஆக ஆசைப்பட்டான், துப்பாக்கி வாங்கினான், ஒரு வாயில்லா ஜீவனைக் கொன்றான், ஊர் சிரித்தது, ஓடிப் போனான். எச்சரிக்கைக் கதை. வகுப்பறைகளில் கேள்விபதிலுக்கு வசதியான வாசிப்பு இது.

டெக்சஸிலிருந்து திரும்பியபின் மறுபடி படித்தபோது அந்தச் சாப்பாட்டுக் காட்சியில் நின்றுவிட்டேன். ரைட் அதை எவ்வளவு கவனமாகக் கட்டியிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

டேவ் ஜோவிடமிருந்து ஒரு சரக்குப் பட்டியல் புத்தகத்தை இரவல் வாங்கி வருகிறான். அம்மாவுக்கு அது கழிப்பறைக்கு உதவும் காகிதம். அவனுக்கு அது படம் படமாகத் துப்பாக்கிகள். சாப்பிடும்போது அப்பா இருக்கிறார், அதனால் வாய் திறக்கவில்லை. அப்பா எழுந்து போனபின் அம்மாவிடம் போகிறான். யாரிடம் கேட்டால் நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். சம்பளம் அவன் உழைத்ததுதான், ஆனால் பண்ணையார் ஹாக்கின்ஸ் அதைக் கொடுப்பது அம்மா கையில். பையனுக்குப் புத்தி போதாது என்று அவளே செய்துவைத்த ஏற்பாடு அது.

அவன் அடுக்கும் வாதங்களைப் பாருங்கள். முதலில் உழைப்பு: கோடை முழுக்க வேலை பார்த்தேன், எதுவும் கேட்கவில்லை. பிறகு வாக்குறுதி: நீதானே ஒருமுறை வாங்கித் தருவதாகச் சொன்னாய். பிறகு பாதுகாப்பு: வீட்டில் ஒரு துப்பாக்கி வேண்டும், எப்போது என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும். பிறகு குடும்பம்: அப்பாவிடம்கூட இல்லையே. கடைசியில் பாசம்: அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, உன்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் தெரியுமா. எந்த ஊரிலும் எந்த மொழியிலும் துப்பாக்கிக்காக வீட்டில் பேசப்படும் எல்லா வாதங்களும் இந்த ஒரு பக்கத்தில் வரிசையாக இருக்கின்றன. நான் அக்காவிடம் பேசியதும் இருக்கிறது. என்ன, நான் புள்ளிவிவரத்தோடு பேசினேன்.

ஆனால் டேவுக்குத் துப்பாக்கி வேண்டியது இவை எதற்காகவும் இல்லை. வயலில் அவனைச் சின்னப் பையனாக நடத்துபவர்கள் இனி அப்படி நடத்தக் கூடாது. துப்பாக்கி வாங்கிய மறுநாள் விடியலில் படுக்கையில் கிடந்தபடி அவன் நினைப்பதை ரைட் ஒளிக்காமல் எழுதுகிறார்: இது கையில் இருந்தால் யாரையும் கொல்லலாம், கறுப்பனோ வெள்ளையனோ. அப்போது எல்லோரும் மரியாதை கொடுத்தே ஆக வேண்டும். அம்மாவிடம் ‘பாதுகாப்பு’ என்று சொன்ன சொல், தனியாக இருக்கும்போது ‘மரியாதை’ என்று ஆகிறது. அவன் அம்மாவிடம் பொய் சொன்னான் என்று இதைச் சுருக்க முடியாது. வெளியில் சொல்லத்தக்க காரணம் ஒன்று, உள்ளே இருக்கும் காரணம் ஒன்று. முதலாவதும் பொய் இல்லை என்பதால்தான் அதை மறுப்பது கஷ்டம்.

அம்மா இறங்கி வருகிறாள். பாவாடை விளிம்பைத் தூக்கி, காலுறைக்குள் செருகியிருந்த மெல்லிய நோட்டுக் கற்றையிலிருந்து 2 டாலர் எடுத்துத் தருகிறாள். கூடவே நிபந்தனை: வாங்கியதும் நேரே என்னிடம் கொண்டுவர வேண்டும், துப்பாக்கி உன் அப்பாவுக்கு. நம் வீடுகளில் சேலை முந்தானையில் முடிந்த பணத்தை அவிழ்க்கும் கை இது என்று யாருக்கும் தெரியும்.

அந்த நிபந்தனை ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. இருட்டி எல்லோரும் படுக்கும்வரை டேவ் வயல்களில் சுற்றிவிட்டு வருகிறான். அம்மா இரவில் படுக்கையருகே வந்து துப்பாக்கி எங்கே என்கிறாள். வெளியே ஒளித்து வைத்திருக்கிறேன், காலையில் தருகிறேன் என்கிறான். அது அவன் தலையணைக்கு அடியில் இருக்கிறது. விடியும் முன் எழுந்து, ஒரு துணிக் கிழிசலால் அதைத் தன் வெறும் தொடையில் கட்டிக்கொண்டு, வீடு விழிக்கும் முன் வேலைக்குக் கிளம்பிவிடுகிறான்.

இங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மறைத்து எடுத்துச் செல்லும் உரிமை என்று அமெரிக்கர்கள் நாள் முழுக்க விவாதிக்கிறார்களே, அந்த மறைப்பு முதலில் யாரிடமிருந்து? ஹாக்கின்ஸிடமிருந்து, ஊரிடமிருந்து எல்லாம் பிறகு. டேவ் முதலில் மறைப்பது, பணம் கொடுத்த அம்மாவிடமிருந்து.

*

இதைச் சொல்லும்போது ஒரு நியாயமான எதிர்ப்பு உண்டு. சொகுசான புறநகரில் வாழும் ஓர் ஐடி குடும்பத்தின் கவலையை, இனவெறிக்கு நடுவே வாழ்ந்த ஒரு கறுப்பினப் பையனின் மீது ஏற்றலாமா? ஏற்றக் கூடாது. டேவ் வாழும் தெற்கில் துப்பாக்கி என்பதன் வரலாறே வேறு.

உள்நாட்டுப் போர் முடிந்ததும் 1865-இல் ரைட் பிறக்கப்போகும் மிசிசிபி மாநிலம் போட்ட சட்டங்களில் ஒன்று, விடுதலை பெற்ற கறுப்பர்கள் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது. 1892-இல் மெம்பிஸில் தன் நண்பர்கள் கும்பலால் கொல்லப்பட்டபின், பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ், ஒவ்வொரு கறுப்பின வீட்டிலும் ஒரு வின்செஸ்டர் துப்பாக்கிக்கு மரியாதையான இடம் இருக்க வேண்டும் என்று எழுதினார். சட்டம் தர மறுக்கும் பாதுகாப்பை அது தரும் என்பது அவர் வாதம். 1967-இல் பிளாக் பாந்தர் கட்சியினர் துப்பாக்கியோடு கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்குள் நடந்ததும், தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொதுவெளியில் ஏந்துவதைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. அதில் கையெழுத்திட்ட ஆளுநர், பின்னாளில் துப்பாக்கி உரிமையாளர்களின் நாயகனான ரொனால்ட் ரீகன்.

2022-இல் உச்சநீதிமன்றம் புரூயன் வழக்கில் நூறாண்டுக்கு மேல் பழைய நியூயார்க் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்ல, எனக்கு மற்றவர்களைவிடத் தனிப்பட்ட தேவை இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய கிளாரன்ஸ் தாமஸ், கறுப்பினத்தவர். கறுப்பர்கள் குடிமக்கள் ஆனால் போகுமிடமெல்லாம் ஆயுதம் ஏந்தும் உரிமையும் அவர்களுக்கு வந்துவிடுமே என்று 1857-இல் டிரெட் ஸ்காட் தீர்ப்பு பயந்ததை அவர் சுட்டிக்காட்டுகிறார். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய பிரையர், 2020-இல் துப்பாக்கியால் இறந்த அமெரிக்கர்கள் 45,222 பேர் என்ற எண்ணிலிருந்து தொடங்குகிறார். அதில் பாதிக்கு மேல் தற்கொலைகள். அதாவது, பாதிக்கு மேல் துப்பாக்கி வைத்திருக்கும் வீட்டையே திருப்பித் தாக்கியவை. இரண்டு தீர்ப்புகளையும் படித்தேன். இரண்டிலும் உண்மை இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளவே இல்லை.

உரிமை காகிதத்தில் கிடைத்தாலும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. 2016-இல் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டீல், காரை நிறுத்திய காவலரிடம் தன்னிடம் துப்பாக்கி இருப்பதாக முன்கூட்டியே மரியாதையாகச் சொன்னார். அவரிடம் லைசென்ஸ் இருந்தது. சில நொடிகளில் சுடப்பட்டு இறந்தார். காரில் அவருடைய தோழியும் தோழியின் நான்கு வயது மகளும் இருந்தார்கள். அடுத்த வருடம் அந்தக் காவலர் விடுவிக்கப்பட்டார்.

ரைட்டுக்கு இந்த வரலாறு புத்தகத்தில் படித்தது இல்லை. ‘பிளாக் பாய்’ தன்வரலாற்றில் அவர் தன் சித்தப்பா ஹாஸ்கின்ஸைப் பற்றி எழுதுகிறார். ஆர்கன்சாவில் மதுக்கடை நடத்தி நன்றாகச் சம்பாதித்த மனிதர். அந்த வியாபாரத்தின்மேல் வெள்ளையர்களுக்குக் கண். அவர் தூங்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் பளபளக்கும் ஒரு ரிவால்வர் கிடக்கும். ஏன் என்று சிறுவன் ரைட் சித்தியிடம் கேட்கிறான், வெள்ளைக்காரர்கள் கொல்லப்போவதாக மிரட்டுகிறார்கள் என்று பதில் வருகிறது. ஒருநாள் சித்தப்பா திரும்பி வரவில்லை, கொன்றுவிட்டார்கள். குடும்பம் அன்றே பயந்து ஊரைவிட்டு ஓடியது. அந்த ரிவால்வரால் ஒன்றும் ஆகவில்லை.

ஆக, டேவின் கையில் துப்பாக்கியைக் கொடுத்தவருக்கு அதைப் பற்றி மயக்கம் எதுவும் கிடையாது. அதனால்தான் அவர் டேவைத் திட்டுவதும் இல்லை, கொண்டாடுவதும் இல்லை. மனிதனாக மதிக்கப்பட வேண்டும் என்ற அவன் கேள்வி சரி. அதற்கு அந்த ஊரில் கிடைக்கும் பதில், ஜோவின் கடையில் 2 டாலருக்கு இருப்பது மட்டும்தான். இந்த இடத்தில் எச்சரிக்கைக் கதை என்ற வாசிப்பு உடைந்துவிடுகிறது. பையனுக்குப் புத்தி வந்தால் போதும் என்று அது சொல்கிறது. கதையில் புத்தியுள்ள பெரியவர்களும் ஹாக்கின்ஸின் முன்னால் கைகட்டித்தான் நிற்கிறார்கள்.

*

துப்பாக்கி வெடிக்கும் காட்சியையும் பார்த்துவிடுவோம். காட்டோரம் ஏர் ஓட்டும்போது டேவ் கண்ணை மூடிக்கொண்டு விசையை அழுத்துகிறான். கை மரத்துப்போகிறது. தோட்டா ஜென்னி என்ற கோவேறு கழுதையின் விலாவில் பாய்கிறது. ரத்தம் நிற்க அந்தத் துளையில் ஈர மண்ணை அள்ளி அள்ளி அடைக்கிறான். நிற்கவில்லை. ஜென்னி சாகிறது. கலப்பைமுனையில் விழுந்து குத்திக்கொண்டது என்று ஊருக்குக் கதை சொல்கிறான். அங்கேயும் அம்மாதான் கிட்டே வந்து தாழ்ந்த குரலில் கேட்கிறாள், அந்தத் துப்பாக்கியை என்ன செய்தாய் என்று. கதை முழுக்க அவள் கேட்பது திரும்பத் திரும்ப அந்த ஒரே கேள்விதான்.

உண்மை வெளியே வந்ததும் கூட்டம் சிரிக்கிறது. செத்த கழுதையை விலைக்கு வாங்கிவிட்டாய் போ என்கிறார் ஹாக்கின்ஸ். விலை 50 டாலர், மாதம் 2 டாலர் வீதம். கணக்கைப் பாருங்கள்: துப்பாக்கியின் விலையும் மாதத் தவணையும் ஒரே தொகை. 25 மாதம், மாதாமாதம் அவன் அதே துப்பாக்கியை மறுபடி மறுபடி வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். அதைக் கடையில் திருப்பிக் கொடுத்து, வரும் காசை ஹாக்கின்ஸிடம் கட்டு என்கிறார் அப்பா. அன்றிரவு டேவ் புதைத்த இடத்தைத் தோண்டி அதை எடுக்கிறான். இந்தமுறை கண்ணைத் திறந்துவைத்தே எல்லாத் தோட்டாக்களையும் சுட்டுத் தீர்க்கிறான். இன்னும் ஒரு தோட்டா இருந்தால் ஹாக்கின்ஸின் பெரிய வெள்ளை வீட்டை நோக்கிச் சுட்டு, நானும் ஒரு மனிதன் என்று தெரியப்படுத்தலாமே என்று நினைக்கிறான். பிறகு இல்லினாய் சென்ட்ரல் ரயிலில் தொற்றி ஏறுகிறான். காலித் துப்பாக்கி சட்டைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறான். இருக்கிறது.

அற்புதமான முடிவு என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். ரைட்டே 1927-இல் மெம்பிஸிலிருந்து வடக்கே சிகாகோவுக்கு ரயிலேறியவர். அந்த ரயிலின் சத்தத்தில் அவருடைய சொந்த விடுதலையும் கேட்கிறது.

அந்த முடிவில் ஒரு குறை இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியது விமர்சகர் யாருமில்லை, அக்காதான். அவள் இலக்கிய வாசகி இல்லை. போன வருடம் இந்தக் கதையை அவளுக்கு அனுப்பிப் படிக்கச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து போனில் பேசும்போது, “அந்தப் பையன் போயிட்டான், சரி. அந்த அம்மா?” என்றாள்.

“அம்மாவுக்கு என்ன?”

“துப்பாக்கியையும் தூக்கிட்டுப் போயிட்டான்ல. அப்ப அந்த ரெண்டு டாலர்கூட திரும்பி வராது. அம்பது டாலரும் பாக்கி. அவன் சம்பளமும் போச்சு. அடுத்த மாசம் அந்த ஹாக்கின்ஸ் முன்னாடி யாருடா போய் நிப்பா?”

என்னிடம் பதில் இல்லை. கதையிலும் இல்லை. சாப்பாட்டு மேசையில் அவ்வளவு உன்னிப்பாக அம்மாவைக் கவனித்த ரைட், கடைசிப் பக்கங்களில் டேவோடு ரயிலேறிவிடுகிறார். கடன் ஊரிலேயே நிற்கிறது. அதைக் கட்டப்போகும் கை, காலுறையிலிருந்து நோட்டை எடுத்த அதே கைதான். கதை அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய கதைதான், ஆனால் அதன் அனுதாபம் ஓடுகிறவனோடு ஓடுகிறது.

இதற்கு நேரெதிரான ஒரு வீட்டுக் காட்சி நிஜத்தில் உண்டு. 1956 ஜனவரியில் மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். உள்ளே மனைவி கொரெட்டாவும் கைக்குழந்தையும் இருந்தார்கள். கிங் துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் கேட்டு விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு துப்பாக்கி இருந்தது. தானும் கொரெட்டாவும் பல நாள் பேசி, கடைசியில் அதையும் விட்டுவிட முடிவெடுத்ததாக அவர் ‘ஸ்ட்ரைட் டுவர்ட் ஃப்ரீடம்’ நூலில் எழுதியிருக்கிறார். எல்லோரும் கிங்கின் அகிம்சையைப் பார்ப்பார்கள். எனக்கு அந்தப் ‘பல நாள்’ முக்கியமாகப் படுகிறது. டேவ் அம்மாவிடம் பேசியது ஒரு சாப்பாட்டு நேரம். நான் அக்காவிடம் பேசியது ஒரு மதியம். கிங் தம்பதியர் போன்ற முடிவுக்குத்தான் எல்லோரும் வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்களைச் சுற்றிப் பல நாள் ஆயுதமேந்திய நண்பர்கள் காவல் இருந்தார்கள் என்பதும் வரலாறுதான். ஆனால் குண்டு விழுந்த வீட்டில்கூட அவசரப்படாமல் இரண்டு பேர் உட்கார்ந்து பேச முடிந்திருக்கிறது.

*

அக்கா ஏன் அந்த அம்மாவைப் பற்றியே கேட்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் ஊர் திரும்பிய சில மாதத்தில் நடந்தது. பாப்பாவைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு அத்தானின் காரை ஓட்டிப் போனவள், டிஷ்யூ பேப்பர் எடுக்க முன் அறையைத் திறந்திருக்கிறாள். உள்ளே உறையோடு துப்பாக்கி. எதுவும் நடக்கவில்லை. மூடிவிட்டு, காரை ஓரம் கட்டி, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாளாம். மூன்று வாரமாக அத்தான் அதை ஆபீஸுக்கு எடுத்துப் போய் வந்திருக்கிறார். பிறகு எனக்கு போன் செய்து, “சட்டப்படி தப்பு ஒண்ணும் இல்ல மாப்ள” என்றார். உண்மை. 2021 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் தகுதியுள்ள 21 வயதுக்காரர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். சட்டத்திடம் அவர் எதையும் மறைக்கவில்லை. மறைத்தது அக்காவிடம் மட்டும்தான்.

துப்பாக்கி உரிமை பற்றிய விவாதத்தில் எனக்கு இப்போது பெரிய குறையாகத் தெரிவது இதுதான். அது எப்போதும் குடிமகனுக்கும் அரசுக்கும் நடுவில் நடக்கிறது. துப்பாக்கி வாழ்வது குடும்பத்தில். புரூயன் தீர்ப்பு நியூயார்க்கை என்ன செய்யலாம், செய்யக் கூடாது என்று சொல்கிறது. ‘நேரே என்கிட்ட கொண்டு வா’ என்று சொன்ன ஒருத்திக்குக் கொடுத்த வாக்கைப் பற்றிச் சொல்ல அதனிடம் ஒன்றும் இல்லை, இருக்கவும் முடியாது. அந்த இடத்தில்தான் ரைட்டின் கதை தேவைப்படுகிறது. அதன் முடிவில் குறை இருந்தாலும், அந்த இடத்தைக் கண்டுபிடித்து விளக்கேற்றி வைத்தவர் அவர்தான்.

அன்று நான் அடுக்கிய வாதங்களில் எதையும் இன்று பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவற்றைச் சொல்ல நான் யார்? அந்த வீட்டில் நான் மூன்று மாத விருந்தாளி. எனக்கும் ஒரு ரயில் இருந்தது, துபாய் வழியாகச் சென்னைக்கு.

துப்பாக்கி இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது, அலமாரி சேஃபில். அக்கா நம்பரை மாற்றிவிட்டாள். அத்தானுக்குத் தெரியாது. முதலில் கோபப்பட்டார், பிறகு கேட்பதை விட்டுவிட்டார். போன வாரம் நான்தான் கேட்டேன், அவசரத்துக்கு எடுக்க முடியாத துப்பாக்கி எதுக்கு, ராத்திரி யாராவது கதவை உடைச்சா அத்தான் என்ன பண்ணுவார் என்று.

“என்னை எழுப்பட்டும்” என்றாள்.